கொரியா எக்ஸாமுக்கு அப்பால்: மலையகப் பிள்ளைகளும் கிழக்காசிய மொழிக் கல்வியும்

றக்வானை நகரைக் கடந்து போகும் ஏ 17 வீதி காலியில் தொடங்குகிறது. அக்குரஸ்ஸ, தெனியாய வழியாக மலையேறி, சிங்கராஜ வனத்தின் கிழக்கு ஓரத்தைச் சுற்றி, றக்வானைக்கு இறங்கி, மாதம்பைச் சந்தியில் முடிகிறது. அந்தச் சந்தியில் தெற்கே திரும்பினால் கொடகவெல, எம்பிலிப்பிட்டிய வழியாக அம்பாந்தோட்டைக்குப் போகலாம். வடக்கே திரும்பினால் கஹவத்தை, பெல்மதுளை, பலாங்கொடை வழியாக பெலிஹுல்ஓயாவுக்குப் போகலாம். காலியில் சீனமும் தமிழும் சேர்ந்து பொறிக்கப்பட்ட ஒரு கல் கிடைத்தது. அம்பாந்தோட்டையில் சீன நிறுவனம் நடத்தும் துறைமுகம் இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் சீனமும் ஜப்பானிய மொழியும் கற்பிக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்றுக்கும் போகும் வழிகள் நம் தோட்டங்களின் அடிவாரத்தில்தான் பிரிகின்றன. ஆனாலும் கிழக்காசிய மொழி என்று றக்வானையில் பேச்செடுத்தால், நம் இளைஞர்களின் வாயில் வருவது ஒன்றுதான்: கொரியா எக்ஸாம்.

அந்த எக்ஸாமைக் குறைத்துப் பேச இங்கே வரவில்லை. லயத்து வீடுகளில் கடனை அடைத்ததும் கூரையை மாற்றியதும் அதை எழுதிக் கொரியாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம்தான். ஆனால் ஒரு மொழியை வேலை விசாவுக்காகப் படிப்பதும், அதைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படிப்பதும் வேறு வேறு. இரண்டாவது வழியைப் பற்றி மலையகத்தில், குறிப்பாகச் சப்ரகமுவத் தோட்டங்களில், யாரும் ஒழுங்காகப் பேசியதில்லை. அது நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வழிதான் என்பது என் வாதம். எட்டவிடாமல் தடுப்பவை எவை என்பதையும் பார்ப்போம்.

காலிக் கல்லும் றப்பர் பாலும்

1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல்லில் எழுத்துகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதில் உள்ள காலம் 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை அறிவிக்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கு அறிவிக்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கானது. பொன், வெள்ளி, பட்டு, வாசனைப் பொருள், எண்ணெய் என்று பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. கல் நாஞ்சிங்கிலேயே தயாராகிக் கப்பலேறியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியென்றால் 600 வருடங்களுக்கு முன்னர் மிங் பேரரசின் தலைநகரில் தமிழில் சாசனம் எழுதக்கூடிய ஒருவர் இருந்திருக்கிறார். மிங் அரசு மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கத் தனிக் கல்லூரி தொடங்கியது 1407இல், அதாவது கல் பொறிக்கப்படுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர். மொழி கற்ற ஆட்கள் இல்லாமல் கடல் கடந்த உறவு நடக்காது என்பதைப் பேரரசு ஒன்று உணர்ந்து செயற்பட்ட காலம் அது. கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. உயர்தர வரலாறு படிக்கும் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது.

இது தனியான சம்பவமும் அல்ல. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய வருடங்களில் சீன அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியதன் சான்று அது. அதன் கடைசி வரியில் சீன எழுத்தும் இருக்கிறது. பௌத்தத்தின் பக்கமும் போக்குவரத்து குறையவில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் அநுராதபுரத்தில் இரண்டு வருடம் தங்கிப் பிரதிகள் சேகரித்துக்கொண்டு போனார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியத் துறவி வஜ்ரபோதி இலங்கை வழியாகச் சீனா சென்று அங்கே நூல்களை மொழிபெயர்த்தார்.

அரசர்களையும் துறவிகளையும் விடுங்கள், நம் தாத்தா பாட்டி காலத்துக்கு வருவோம். 1952இல் இலங்கை சீனாவுடன் றப்பர் அரிசி ஒப்பந்தம் செய்தது. வர்த்தக அமைச்சராக இருந்த ஆர். ஜீ. சேனாநாயக்க பேச்சுவார்த்தையை முன்னெடுத்தார். வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது ஏற்பாடு. காலம் ஐந்து வருடம். அப்போது இரு நாடுகளுக்கும் இடையில் தூதரக உறவுகூட இல்லை, அது 1957இல்தான் வந்தது. அந்த றப்பர் எங்கிருந்து போனது? கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களிலிருந்து. விடிகாலையில் எழுந்து மரத்துக்கு மரம் பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தோட்டத் தமிழர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் உழைப்பு, அந்த நாட்டுக்கே அரிசி கொண்டுவந்தது. சீன உறவு பற்றி எழுதப்படும் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும். சீன ஆவணங்களை நேரில் வாசிக்கத் தெரிந்த மலையக ஆய்வாளர் ஒருவர் உருவானால் அந்தப் பக்கம் எழுதப்படும்.

இன்னொரு கல்லையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் அமைந்த நூலகத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். சிங்களம், ஆங்கிலம், சீனம் இருந்தன, தமிழ் இல்லை. அரசியலமைப்பின்படி தமிழ் அரச கரும மொழி. சட்டத்தைக் காக்கும் திணைக்களத்திலேயே அது விடுபட்டது. எதிர்ப்பு எழுந்ததும் பலகையை அகற்றினார்கள். கொழும்புத் துறைமுக நகரிலும் இப்படித் தமிழ் விடுபட்ட பலகை பற்றி அதே காலத்தில் முறைப்பாடு எழுந்தது. செங் ஹேயின் ஆட்கள் மறக்காத தமிழை நம் அலுவலகங்கள் மறந்தன. சீனம் வந்ததால் தமிழ் போயிற்று என்று கோபப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பலகையைத் தயாரித்த மேசையில் சீனமும் தமிழும் தெரிந்த இலங்கையர் ஒருவர் இருந்திருந்தால் பலகை அச்சுக்குப் போவதற்கு முன்னரே திருத்தப்பட்டிருக்கும். கோபத்தோடு சேர்த்து இந்த இடத்தையும் நாம் நிரப்ப வேண்டும்.

இரண்டு வாசல்கள்

இன்று நம் இளைஞர்கள் கிழக்காசிய மொழிகளை அறியும் முதல் வாசல் தொழில். கொரியாவுடன் இலங்கை 2004இல் வேலைவாய்ப்பு உடன்படிக்கை செய்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக விண்ணப்பித்து, கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் தொழிற்சாலைக்கும் மீன்பிடிக்கும் போகிறார்கள். வாசிப்பும் கேட்டலும் மட்டுமே அந்தப் பரீட்சையில் உண்டு. எழுதத் தெரிய வேண்டியதில்லை, பேசத் தெரிய வேண்டியதுமில்லை. ஜப்பான் 2019 ஏப்ரலில் குறித்த திறனுள்ள தொழிலாளர்களுக்கென்று புதிய விசா முறையைத் தொடங்கியது. அதே வருடம் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட வேலை போன்ற துறைகள் அதில் அடங்கும். அதற்கான மொழித் தகுதி, ஜப்பானிய மொழித் திறன் பரீட்சையின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது, அல்லது அதற்குச் சமமான வேறொரு பரீட்சை. கொரியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஜப்பானின் பராமரிப்புத் துறை பெண்களுக்கும் இடம் கொடுக்கிறது. வீட்டுப் பணிக்கு மத்திய கிழக்குக்குப் போவதைத் தவிர வேறு வழி தெரியாதிருந்த தோட்டத்துப் பெண்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் இந்த வாசலின் அளவு சிறியது. பரீட்சைக்குத் தேவையான சொற்களோடு மட்டும் போகிறவர், தொழிற்சாலை மேற்பார்வையாளரின் கட்டளைகளைப் புரிந்துகொள்வார். தன் ஒப்பந்தத்தைத் தானே வாசிக்கவோ, காயம் பட்டால் இழப்பீடு கேட்டு எழுதவோ அவரால் முடியாது. திரும்பி வந்த பிறகு அந்த மொழி ஊரில் பயன்படுவதும் இல்லை. சில வருடங்களில் மறந்துவிடும்.

இரண்டாவது வாசல் பல்கலைக்கழகம். களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறை ஜப்பானிய, சீன, கொரிய மொழிகளை நீண்ட காலமாகக் கற்பிக்கிறது. இலங்கையில் சீன மொழி கற்பிக்கும் முதல் கன்பூசியஸ் நிறுவனமும் அங்கேதான் அமைந்தது. நமக்கு இன்னும் கிட்டியது பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம். 1990களில் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானங்கள் மற்றும் மொழிகள் பீடத்தில் சீனம், ஜப்பானிய மொழி, இந்தி, ஜேர்மன் மொழி எல்லாம் பாடங்கள். அது இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே, பலாங்கொடைக்கு அப்பால், கொழும்பு பதுளை வீதியில் இருக்கிறது. வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லாப் பக்கத்துத் தமிழ் மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். நம் தோட்டங்களில் அதைக் காட்டுக்குள் இருக்கும் கெம்பஸ் என்று சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ விண்ணப்பத்தில் முதலிடம் கொடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் நிலையை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ் மொழிமூலம் உயர்தரக் கணிதமும் விஞ்ஞானமும் கிடைக்கும் பாடசாலைகள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மிகக் குறைவு. கெட்டிக்காரப் பிள்ளைகளும் கலைப் பிரிவுக்கே வருகிறார்கள். கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு அரச ஆசிரியர் நியமனத்தைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. நியமனம் வரும்வரை வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். மொழிப் பட்டமும் கலைப் பிரிவுக்குள்தான் வருகிறது. அதாவது நம் பிள்ளைகள் ஏற்கெனவே நிற்கும் வரிசையிலேயே, வேறு இடத்துக்குத் திறக்கும் கதவு ஒன்று இருக்கிறது.

நம் நாக்குக்குத் தெரிந்த இலக்கணம்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் மொழிகளைக் கடினத்தின்படி வகுத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவருக்குச் சீனம், ஜப்பானிய மொழி, கொரியம் ஆகியவை மிகக் கடினமான வகுப்பு: 2,200 வகுப்பு மணி நேரம். தமிழுக்கு அவர்கள் கொடுக்கும் அளவு ஏறக்குறைய 1,100 மணி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கிழக்காசிய மொழிகள் எல்லோருக்கும் மலை என்று சொல்வார்கள். அது ஆங்கிலேயரின் தாய்மொழியிலிருந்து அளந்த தூரம். தமிழிலிருந்து அளந்தால் வேறு மாதிரி வரும்.

ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. எச்சங்களைக் கோத்து வாக்கியத்தை நீட்டலாம். ஒரு பண்டம் சாப்பிடத் தரும்போது நாம் "சாப்பிட்டுப் பார்" என்கிறோம். ஜப்பானியர் "தபெதெ மிரு" என்பார்கள். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். கொரியத்தில் "மொகொ பொதா", அதே அமைப்பு, அதே பார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத்தில் "காலா பலன்ன", அதுவும் அப்படியே. "செய்து வை" என்று நாம் முன்னேற்பாட்டுக்குச் சொல்வதை ஜப்பானியர் "ஷிதெ ஒகு" என்கிறார்கள்; ஒகு என்றால் வை. "வருவேன் என்று சொன்னான்" என்பதில் என்று நிற்கும் இடத்தில் அவர்கள் "தொ" வைக்கிறார்கள். ஆங்கிலம் வழியாக இவற்றைப் படிக்கும் மாணவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வரியில் புரியும்.

ஒலியிலும் இப்படித்தான். கொரியத்தில் இறைச்சியை "கொகி" என்பார்கள். இதைத் தமிழ் எழுத்தில் எழுதிய மாத்திரத்தில் நம் பிள்ளை முதல் எழுத்தை வல்லோசையாகவும் நடுவில் வரும் எழுத்தை மெல்லிய ஓசையாகவும் சரியாகவே உச்சரிக்கும். சொல்லின் முதலில் ஒரு ஓசை, உயிர்களுக்கிடையில் இன்னோர் ஓசை என்ற வழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. ஜப்பானியரின் அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி கா, ஸா, தா, நா என்று போவதற்குக் காரணம், பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்து முறையைக் கற்று அந்த வைப்பைப் பின்பற்றியது. உயிர்மெய் அட்டவணையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த அட்டவணை அந்நியமில்லை. கிரகிர, தொகிதொகி போன்ற ஜப்பானிய அடுக்குச் சொற்களை நம் பளபள, படபட போன்ற இரட்டைக்கிளவியோடு வைத்துப் பழகலாம். வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப வினையை மாற்றும் மரியாதை முறையும் தமிழருக்குப் புதிதல்ல.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் தோக்கியோ ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ, 1980களிலிருந்து ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அங்கே போய் அவரோடு வேலை செய்தார்கள். தமிழகத்தில் பேராசிரியர் பொற்கோ உதவினார். கொரியத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் இடையில் இதைப் போன்ற ஒப்பீட்டை அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே புத்தகமாக்கியிருந்தார். இவை ஒரே குடும்பம் என்ற முடிவை மொழியியலாளரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதாலோ, அப்பா என்ற சொல் இரண்டு பக்கமும் இருப்பதாலோ உறவு நிறுவப்படாது. மேடைகளில் கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று முழங்குவது மாணவர்களுக்கு உதவாது. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்திருப்பது உண்மை. படிப்பவருக்கு அதுவே போதும். ஓனோவோடு வேலை செய்த ஈழத்து அறிஞர்கள் திறந்த பாதையில் ஒரு மொழித்துறையே வளர்ந்திருக்க வேண்டும். போர்க்காலம் அதற்கு இடம் தரவில்லை.

சீனம் வேறு. அது சொற்களைத் திரிக்காத மொழி. வினை நடுவில் வரும். ஒரே அசை நான்கு தொனியில் நான்கு பொருள் தரும். தொனிதான் தமிழருக்குப் பெரிய தடை. மூச்சு விட்டும் விடாமலும் உச்சரிக்கும் வல்லின வேறுபாடு இரண்டாவது தடை. தமிழ் எழுத்தில் அதற்கு இடமே இல்லை. அதே சமயம் நாக்கை வளைத்து ஒலிக்கும் சீன எழுத்துகள் ஐரோப்பியரைத் திணறடிக்கும்போது, ட, ண, ள, ழ சொல்லிப் பழகிய நாக்குக்கு அவை எளிதாக வரும். "நேற்று வந்த பிள்ளை" என்று அடைமொழியை முன்னால் வைக்கும் ஒழுங்கும் சீனத்தில் நம்மைப் போலத்தான்.

எழுத்துதான் உழைப்பைக் கேட்பது. கொரியரின் ஹங்குல் அடிப்படையில் 24 எழுத்து, 15ஆம் நூற்றாண்டில் செஜொங் மன்னர் காலத்தில் உருவானது. ஊக்கமுள்ள பிள்ளை ஒரு வாரத்தில் வாசிக்கும். ஜப்பானில் பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த சீன எழுத்துகள் மட்டும் 2,136. சீனாவில் அன்றாட எழுத்துகளாக வரையறுத்தவை 3,500. இவற்றுக்கு உட்கார்ந்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. வாரம் 6 மணி நேர வகுப்பு, வருடம் 30 வாரம் என்று வைத்தால் நான்கு வருடப் பட்டப்படிப்பில் கிடைப்பது 720 வகுப்பு மணி நேரம். ஆங்கிலேயருக்குச் சொன்ன 2,200இல் மூன்றில் ஒரு பங்கு. மீதியை மாணவர் விடுதி அறையில், நூலகத்தில், விடுமுறைக்கு லயத்துக்கு வந்த நாட்களில் தானே சேர்க்க வேண்டும். பட்டம் பெற்றும் பேச வராதவர்களைப் பற்றிக் கேள்விப்படுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

வழியில் நிற்கும் தடைகள்

தடை மூளையில் இல்லை என்பது இதுவரை சொன்னவற்றால் தெளிவாகும். முதல் தடை பாடசாலை. ஜப்பானிய மொழியும் சீனமும் உயர்தரப் பாடப் பட்டியலில் உண்டு. கொரியமும் பின்னர் சேர்ந்தது. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைக்கு அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வருவது அரிது. ஆகவே பல்கலைக்கழக வகுப்பில், பாடசாலையிலேயே அந்த மொழியைப் படித்து வந்த கொழும்பு, கண்டி மாணவர்களுக்குப் பக்கத்தில் நம் பிள்ளை அரிச்சுவடியோடு உட்கார நேரும்.

இரண்டாவது தடை இடையிலுள்ள மொழி. நாட்டில் கிடைக்கும் ஜப்பானிய, கொரியப் பாடநூல்கள், அகராதிகள், டியூசன் வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில் விளக்குகின்றன. பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. வேறு மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. றக்வானையின் பிள்ளைக்கு அந்தச் சுமையில் பாதி குறைவு. சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல் பரந்த தமிழ்ப் பிரதேசம் அல்ல. கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. 1977இலும் 1983இலும் இனவன்முறையில் இந்தத் தோட்டங்கள் பட்ட அடியில் பலர் வன்னிக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். இருந்தவர்கள் சிங்களம் பேசி வாழக் கற்றார்கள். பயத்தில் கற்ற மொழி இன்றைய தலைமுறைக்குச் சரளமாகி, கையிருப்பாக நிற்கிறது. தமிழும் சிங்களமும் தெரிந்து, இரண்டின் வாக்கிய அமைப்பும் கிழக்காசிய அமைப்போடு ஒத்துப்போகும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி ஏறுவது எளிது. ஆங்கிலம்தான் குறை. அதை முதல் வருடத்தில் பிடித்துவிட வேண்டும்.

மூன்றாவது தடை வீட்டில். "இங்கிலீஷே வரல, சைனீஸ் எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் வேண்டும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மொழிப் பட்டம் தனியாக வேலை கொடுத்துவிடாது. சுற்றுலா வழிகாட்டி, நிறுவன மொழிபெயர்ப்பாளர், நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், மொழி ஆசிரியர், தேயிலையும் இரத்தினக் கல்லும் விற்கும் ஏற்றுமதி நிறுவனத்தின் தொடர்பாளர் என்று இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கேட்பது மேல்நிலைத் திறன். ஜப்பானிய நிறுவனங்கள் பொதுவாக மேலிருந்து இரண்டாவது நிலையை எதிர்பார்க்கும். அதைத் தொடாமல் பட்டச் சான்றிதழை மட்டும் நீட்டினால் பயனில்லை. கணினி மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பிறகு எளிய கடிதங்களை மொழிபெயர்க்க யாரும் ஆள் வைப்பதில்லை. பேச்சுவார்த்தையில் உட்கார, ஒப்பந்தத்தின் உட்பொருளைச் சொல்ல, பிழைக்குப் பொறுப்பேற்க மனிதர்தான் வேண்டும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. அப்படிப்பட்ட ஆவணங்களைச் சீன மூலத்திலேயே வாசித்து நாட்டு மக்களுக்குச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்? சீனம் படிப்பது சீனாவின் பக்கம் சாய்வது என்று அஞ்சுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மொழி தெரியாதவர்தான் மற்றவர் சொன்னதை நம்பிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.

உதவித்தொகை பற்றி நம் ஊர்களில் செய்தி போய்ச் சேர்வதில்லை. ஜப்பான் கல்வி அமைச்சின் புலமைப்பரிசிலில் ஜப்பானிய மொழி படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே ஒரு வருடத் திட்டம் உண்டு. கொரிய அரசின் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கு முன்னர் ஒரு வருடம் மொழிப் பயிற்சியும் தருகிறது. சீன அரசும் தருகிறது. மூன்றுக்கும் தூதரகங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் கொடுத்து முகவரிடம் போக வேண்டிய தேவையில்லை.

இன்னொரு பயனை வேலைக் கணக்கில் சேர்க்க முடியாது. பாரதியார் 1916இல் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது அவருக்குக் கிடைத்தது ஆங்கிலக் கட்டுரை. நூறு வருடம் கடந்தும் ஜப்பானிய, சீன இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வருகிறது. விதிவிலக்குகள் மகிழ்ச்சி தருபவை. இந்திய வெளியுறவு அதிகாரியாகச் சீனாவில் பணியாற்றிய பயணி, சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகையை நேராகச் சீனத்திலிருந்து தமிழாக்கினார், காலச்சுவடு வெளியிட்டது. மறுபக்கம், சூசோ மட்சுனாகா திருக்குறளை ஜப்பானியத்தில் தந்தார். நொபோரு கரஷிமா தமிழ்க் கல்வெட்டுகளில் வாழ்நாளைச் செலவிட்டு, 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய அமைப்பின் தலைவராக இருந்தார். சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அங்கே வேலை செய்த சீனர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு நம் மொழியைப் பேசினார்கள். பெய்ஜிங்கில் தமிழ் பல்கலைக்கழகப் பாடம். அவர்கள் நம் மொழியைக் கற்க எடுத்த முயற்சிக்கு நம் பக்கத்துப் பதில் மிகச் சிறியது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டத்து எழுத்துகளை ஜப்பானிய வாசகர் கையில், தமிழறிந்தவர் மொழிபெயர்ப்பிலேயே கொடுக்க ஒரு மலையகப் பிள்ளை வர வேண்டும் என்பது என் ஆசை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பெலிஹுல்ஓயாவின் மொழித் துறை, தன் மாணவர்களை விடுமுறையில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு அனுப்பி, ஹங்குலையும் ஜப்பானிய அரிச்சுவடியையும் அறிமுகம் செய்யலாம். தமிழில் விளக்கும் தொடக்கநிலை இலக்கண நூல் ஒன்று எழுதப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒப்பீட்டு ஆய்வுகளிலிருந்து அதற்கு வேண்டிய பொருள் கிடைக்கும். கொரியாவிலிருந்து திரும்பி வந்த நம் இளைஞர்களின் வாயிலுள்ள மொழியையும் வீணாக்கக் கூடாது. தோட்டத்து வாசிகசாலையில் வாரம் ஒரு மாலை அவர்கள் பேச்சுப் பயிற்சி கொடுத்தால், பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு அது முதல் அடியாகும். பரீட்சை வாசலும் பல்கலைக்கழக வாசலும் இப்படித்தான் ஒன்றையொன்று தாங்க முடியும்.

உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூலை வாங்குங்கள். கலைப் பிரிவுக்கான பாடநெறிகளில் களனிக்கும் சப்ரகமுவவுக்கும் உரிய பக்கங்களை முழுமையாக வாசியுங்கள். எந்த மொழிக்கு உயர்தரத்தில் அந்தப் பாடம் தேவை, எதை ஆரம்பத்திலிருந்து படிக்கலாம் என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் துறைக்கே தொலைபேசியில் கேளுங்கள். விருப்பத் தெரிவுகளை நிரப்புவதற்கு முன்னர் இதைச் செய்யுங்கள். அனுப்பிய பிறகு தெரிவை மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.